அதிர்விலிருந்து கருவிகளைக் காத்தல்: தஞ்சாவூர், நாகப்பட்டினம் வரலாறு

அதிர்விலிருந்து கருவிகளைக் காத்தல் என்பது நுட்பமான அளவீட்டுக் கருவிகளையும் இயந்திரங்களையும் தேவையற்ற அசைவு, நடுக்கம், மோதல் ஆகியவற்றிலிருந்து பிரித்து வைக்கும் தொழில்நுட்பம் ஆகும். சுருள்வில், ரப்பர்த் திண்டு, எண்ணெய்த் தணிப்பான், காற்றுப்பை போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. சூழ்நிலைக்கு ஏற்பத் தன் விறைப்பையோ தணிப்புத் திறனையோ தானே மாற்றிக்கொள்ளும் தாங்கிகள் தகவமையும் அதிர்வுத் தாங்கிகள் எனப்படுகின்றன.

இத்துறை இருபதாம் நூற்றாண்டில்தான் முழு வளர்ச்சி பெற்றது. ஆனால் அது எதிர்கொண்ட சிக்கல்கள் அதற்கு முன்பே காவிரிப் படுகையில் வெளிப்பட்டுவிட்டன. 1808இல் தஞ்சாவூர்ப் பெருவுடையார் கோயிலில் நடந்த ஒரு விபத்தும், 1880களில் நாகப்பட்டினத்தில் இயங்கிய ஓர் ஓதமானியும் இவ்வரலாற்றின் இரண்டு முக்கியக் கட்டங்கள். முன்னது கருவியைக் காக்கத் தவறியதன் விளைவைக் காட்டியது. பின்னது, எந்த அசைவைத் தடுப்பது, எந்த அசைவை உள்ளே விடுவது என்ற கேள்வியை முன்வைத்தது.

அடிப்படைக் கோட்பாடு

அதிர்வு என்பது தொடர்ந்து திரும்பத் திரும்ப நிகழும் அசைவு. ஓடும் இயந்திரத்தின் நடுக்கம் இதற்கு எடுத்துக்காட்டு. அதிர்ச்சி என்பது மிகக் குறைந்த நேரத்தில் ஒருமுறை நிகழும் பெரும் அசைவு. கீழே விழுதல், மோதுதல், வெடிப்பு ஆகியவை இவ்வகை.

ஒரு கருவியைச் சுருள்வில்லின் மேல் வைத்தால் அந்த அமைப்புக்கென ஓர் இயல் அதிர்வெண் அமைகிறது. கருவியின் எடையால் வில் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் இயல் அதிர்வெண் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 5 முறை. தரையின் நடுக்கம் இதைப்போல் 1.4 மடங்குக்கு மேல், அதாவது 7 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் மட்டுமே வில் அதைக் குறைக்கும். மிக மெதுவான அசைவு அப்படியே கருவிக்குச் சென்றுவிடும். 5 ஹெர்ட்ஸுக்கு அருகிலான நடுக்கமோ பன்மடங்கு பெருகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கிராமத்து வில் வண்டியில் சில வேகங்களில் மட்டும் உடல் தூக்கிப் போடுவது இதனால்தான்.

ஆகவே அதிர்வுத் தாங்கி எல்லா அசைவையும் தடுக்கும் சுவர் அன்று. அது ஒரு சல்லடை. எவ்வளவு வேகமான அசைவைத் தடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே அதன் கண்ணளவு தீர்மானிக்கப்படுகிறது.

சமவெளிக்கு வந்த பெரிய தியோடலைட்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கினார். அடிக்கோட்டின் நீளத்தை மட்டும் சங்கிலியால் அளந்தபின், தொலைவிலுள்ள இடங்களின் கோணங்களைக் கொண்டே மற்ற தூரங்களைக் கணக்கிடுவது இம்முறை. எனவே முழு அளவையின் நம்பகத்தன்மையும் கோணத்தை அளக்கும் தியோடலைட் என்னும் ஒரே கருவியைச் சார்ந்திருந்தது.

லாம்டனின் பெரிய தியோடலைட்டை இலண்டனில் வில்லியம் கேரி செய்தார். அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். எடை ஏறத்தாழ அரை டன். இந்தியாவுக்கு வரும் வழியில் அதை ஏற்றி வந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. கருவி மொரீசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என நில அளவை வரலாறுகள் கூறுகின்றன.

இக்கருவி எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு விகலை. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே. 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குறியை ஒரு விகலை தவறாகப் பார்த்தால் அதன் இடம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அந்தப் பிழை அடுத்த முக்கோணத்துக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் செல்லும்.

தெற்கு நோக்கி வந்த அளவை காவிரிப் படுகையை அடைந்தபோது புதிய இடர்ப்பாடு எழுந்தது. குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லாத நெல்வயல் சமவெளி அது. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. அப்பகுதியில் உயர்ந்து நின்றவை கோயில் கோபுரங்களும் விமானங்களுமே. எனவே தியோடலைட்டை அவற்றின் மேல் ஏற்ற லாம்டன் முடிவு செய்தார்.

1808: தஞ்சாவூர் விபத்து

இராசராச சோழன் கட்டி 1010இல் நிறைவுற்ற பெருவுடையார் கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம் கொண்டது. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெட்டியில் வைத்து, கயிறும் கப்பியும் கொண்டு அதன் மேலே இழுத்தனர். பெட்டி சுவரில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் வேறொரு கயிற்றால் இழுத்துப் பிடித்திருந்தனர். பாதி வழியில் அந்தப் பக்கக் கயிறு அறுந்தது. பெட்டி ஊசலைப் போல வீசி, கற்சுவரில் பலமாக மோதியது. பெட்டி உடைந்தது. வட்டத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும் திருகும் அதன் பிடியும் அடியை வாங்கின; கிடைவட்டம் நெளிந்து வட்ட வடிவத்தை இழந்தது.

அதிர்வியல் நோக்கில் இவ்விபத்து கவனிக்கத்தக்கது. நீண்ட கயிற்றில் தொங்கும் பொருள் விரைவான நடுக்கங்களிலிருந்து நன்கு காக்கப்படுகிறது. நீளமான ஊசலின் இயல் அதிர்வெண் மிகவும் குறைவு என்பதே காரணம். ஆனால் அதே தொங்கல் அமைப்பு பக்கவாட்டுப் பெரும் அசைவுக்கு எதிர்ப்பே தருவதில்லை. பக்கக் கயிறு இருந்தவரை இக்குறை வெளியே தெரியவில்லை. அது அறுந்ததும் மென்மையான தாங்கலே மோதலுக்கு வழிவிட்டது. அதிர்வுக்கு மென்மையான தாங்கியும் அதிர்ச்சிக்குப் போதுமான தடுப்பும் ஒருங்கே தேவை என்ற முரண்பாடு இன்றுவரை இத்துறையின் மையச் சிக்கலாக உள்ளது.

அப்போதைய இந்தியாவில் அத்தகைய கருவியைச் சீரமைக்கும் தொழிற்கூடம் இல்லை. இங்கிலாந்துக்கு அனுப்பினால் ஆண்டுக்கணக்கில் பணி நின்றுவிடும். லாம்டன் கருவியை முழுவதும் கழற்றினார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் கூடாரத்துக்குள் இருந்து, தேர்ந்த கைவினைஞர்கள் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, நெளிந்த வட்டத்தை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் அதே கருவியுடன் அளவை தொடர்ந்தது. 1823இல் அவர் இறந்தபின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், 1830களில் ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரைக் கொண்டு அதை மீண்டும் சீரமைத்துப் பயன்படுத்தினார்.

தோளும் தனித்தூணும்

பிற்கால நில அளவையில் கருவிப் பாதுகாப்புக்கு இரண்டு வழக்கங்கள் உறுதிப்பட்டன.

முதலாவது, பெரிய தியோடலைட்டுகளை வண்டியில் ஏற்றாமல் மனிதத் தோளில் சுமந்து செல்வது. பல்லக்குச் சுமப்பதைப் போலக் கம்புகளில் கட்டிச் சுமைகாரர்கள் தூக்கிச் சென்றனர். மாட்டு வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி நேராகக் கருவிக்குச் செல்லும். சுமப்பவரோ பள்ளத்தைக் கண்டதும் முழங்காலை மடக்குவார், நடையை மாற்றுவார், சேற்றில் ஒரு விதமாகவும் கரம்பில் வேறு விதமாகவும் அடி வைப்பார். தரையை உணர்ந்து விறைப்பை மாற்றிக்கொள்ளும் அமைப்பையே இன்று தகவமையும் தாங்கி என்கிறோம். அக்காலத்தில் அந்தப் பணியை மனித உடல் செய்தது. அளவையின் ஏடுகளில் அதிகாரிகளின் பெயர்கள் உள்ளன. இந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது, கருவி நிற்கும் தூணையும் மனிதர் நிற்கும் மேடையையும் பிரிப்பது. அளவை நிலையங்களில் நடுவே ஒரு கட்டுமானத் தூண் எழுப்பப்பட்டது. அதைச் சுற்றி இடைவெளி விட்டு, அப்பாலேயே பார்வையாளர் நிற்கும் மேடை அமைக்கப்பட்டது. பார்வையாளர் கால் மாற்றி நின்றாலும் அந்த அசைவு தூணுக்குச் செல்லாது. வில்லோ ரப்பரோ இல்லாமல் வெறும் இடைவெளியால் பெறப்பட்ட காப்பு இது.

நாகப்பட்டினத்து ஓதமானி

நில அளவையில் உயரங்களைக் குறிக்க ஓர் அடிமட்டம் வேண்டும். சராசரிக் கடல்மட்டமே அந்த அடிமட்டம். அதை அறியக் கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதை, அதாவது ஓதத்தை, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்ய வேண்டும். கப்பல்களுக்கான ஓத அட்டவணைகளுக்கும் இப்பதிவு தேவைப்பட்டது. இந்திய நில அளவைத் துறை 1870களில் ஏ. டபிள்யூ. பேர்டு தலைமையில் இப்பணியைத் தொடங்கிப் பல துறைமுகங்களில் தானே பதிவு செய்யும் ஓதமானிகளை நிறுவியது. நாகப்பட்டினத்திலும் 1880களில் ஓர் ஓதமானி இயங்கியது.

இதன் அமைப்பு எளியது. ஒரு செங்குத்து உருளைக்குள் மிதவை ஒன்று இருக்கும். மிதவை ஏறி இறங்கும்போது அதனுடன் கம்பியால் இணைந்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் காகித உருளையில் கோடு வரையும்.

மிதவையைத் திறந்த கடலில் விட்டால் ஓதத்தை அளக்க முடியாது. வங்கக் கடலின் அலைகள் சில நொடிகளுக்கு ஒருமுறை மிதவையைத் தூக்கி எறியும். காகிதத்தில் கிறுக்கல்தான் மிஞ்சும். கம்பியும் பற்சக்கரமும் விரைவில் தேயும். எனவே மிதவை இருக்கும் உருளை கடலிலிருந்து மூடப்பட்டு, ஒரு சிறு துளை அல்லது குழாய் வழியாக மட்டும் நீர் உள்ளே வந்து போகும்படி செய்யப்பட்டது. இதைத் தணிப்புக் கிணறு எனலாம்.

8 நொடிக்கு ஒருமுறை எழும் அலை, சிறு துளை வழியே கிணற்றுக்குள் நீரை நிரப்புவதற்குள் இறங்கிவிடும். ஆகவே உள்ளே நீர்மட்டம் ஏறக்குறைய அசையாது. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஓதம் மிக மெதுவானது என்பதால் கிணற்று நீர் கடலுடன் சேர்ந்தே ஏறி இறங்கும். வில் தாங்கி செய்யும் அதே வேலையை இங்கே துளை செய்கிறது. விரைவான அசைவு வெளியே நிறுத்தப்படுகிறது. மெதுவானது உள்ளே அனுமதிக்கப்படுகிறது.

1881, 1883 பதிவுகள்

ஓதத்துக்கும் காற்றலைக்கும் இடைப்பட்ட வேகத்தில் வரும் மூன்றாவது வகை அசைவு ஒன்று உண்டு. அது சுனாமி. அதன் ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பொதுவாகப் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஓதமானியை வடிவமைத்தவர்கள் இதை அளக்கக் கருதவில்லை. எனினும் கிணற்றின் துளை அதைத் தடுக்கும் அளவுக்குச் சிறியதாகவும் இல்லை.

1881 டிசம்பர் 31 காலையில் கார் நிக்கோபார் தீவருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சில மணி நேரம் கழித்து வங்கக் கடற்கரையிலுள்ள ஓதமானிகளின் சீரான கோட்டில் ஏற்ற இறக்கங்கள் தோன்றின. நாகப்பட்டினத்தில் பதிவான அலை உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். 1883 ஆகஸ்ட் 27இல் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகளையும் இந்திய ஓதமானிகள் பதிவு செய்தன. நாகப்பட்டினமும் அவற்றுள் ஒன்று. பேர்டு இப்பதிவுகளை விளக்கி அறிக்கை எழுதினார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், 2003இல், மொதெஸ்தோ ஒர்த்திசு, ரோஜர் பில்ஹாம் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1881ஆம் ஆண்டின் ஓதமானிப் பதிவுகளைக் கொண்டு அந்நிலநடுக்கத்தின் பிளவுப் பரப்பையும் அளவையும் கணக்கிட்டனர். அதன் அளவு 7.9 என்று முடிவு கிடைத்தது. வங்கக் கடலின் கிழக்கு விளிம்பில் எழும் நிலநடுக்கம் சில மணி நேரத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கு அலையை அனுப்பும் என்பதற்கு அந்தக் காகிதச் சுருள்கள் சான்றாக இருந்தன.

2004 டிசம்பர் 26 காலை சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்தே அலை நாகப்பட்டினத்தை அடைந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1881இல் கருவி செய்தியை உள்ளே விட்டது. ஆனால் அச்செய்தியை அந்த நேரத்திலேயே படித்துக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடு 2004 வரை உருவாகவில்லை.

நிலையான காப்பின் குறை

தணிப்புக் கிணற்றின் துளை ஒரு முறை வெட்டப்பட்டால் மாறாது. துளை பெரிதானால் காற்றலைகள் உள்ளே வந்து பதிவைக் கெடுக்கும். சிறிதானால் சுனாமியின் விரைவான முகடுகள் குறைத்துப் பதிவாகும். மணலும் சிப்பியும் துளையை அடைத்தால் கிணற்று நீர் கடலைவிடப் பின்தங்கும். ஒரு பணிக்குச் சரியாக அமைந்த துளை வேறொரு பணிக்குப் பொருந்துவதில்லை.

வில் தாங்கியிலும் இதே நிலைதான். ஒத்ததிர்வை அடக்க எண்ணெய்த் தணிப்பானை வலுவாக்கினால், அது விரைவான நடுக்கத்தைக் கருவிக்குக் கடத்தத் தொடங்குகிறது. தணிப்பைக் குறைத்தால் ஒத்ததிர்வு பெருகுகிறது. மென்மையான வில் அதிர்வைத் தடுக்கும். ஆனால் பெரிய அதிர்ச்சியில் அதன் முழு நீளமும் அமுங்கிக் கருவி அடித்தளத்தில் மோதும். தஞ்சாவூரில் பெட்டி சுவரில் மோதியது இதன் பெரிய வடிவமே.

தகவமையும் தாங்கிகள்

இந்த முரண்பாட்டுக்கு விடையாகத் தகவமையும் தாங்கிகள் வந்தன. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோவ் காந்தப்புலத்தால் கெட்டிப்படும் பாய்மத்தை உருவாக்கினார். எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த பாய்மம் இது. காந்தப்புலம் இல்லாதபோது எண்ணெய் போல ஓடும். புலம் செலுத்தியதும் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, சில மில்லி நொடிகளில் கெட்டிப்படும். மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் தணிப்பானின் வலுவை மாற்ற முடியும்.

எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதற்கான விதியை 1974இல் டீன் கார்னாப்பும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தனர். கருவியை வானத்தில் ஓர் அசையாத கொக்கியுடன் தணிப்பானால் இணைத்ததாகக் கற்பனை செய்து, அந்த விசையைக் கூடியவரை உண்மையான தணிப்பானால் தரச் செய்வது அவர்கள் வழி. தணிப்பு விசை கருவியின் அசைவைக் குறைக்கும் நேரத்தில் தணிப்பான் கெட்டிப்படும். அசைவைக் கூட்டும் நேரத்தில் இளகும். இதற்குக் கருவியின் அசைவை உணரும் உணரியும் விரைவாகக் கணக்கிடும் கட்டுப்பாட்டுச் சுற்றும் தேவை.

1990களின் இறுதியில் இவ்வகைத் தணிப்பான்கள் சரக்குந்து ஓட்டுநர் இருக்கைகளிலும், 2002இல் கார்களிலும் இடம்பெற்றன. அதே காலத்தில் தோக்கியோ நகர அருங்காட்சியகக் கட்டடம் ஒன்றிலும் சீனாவின் தொங்திங் ஏரிப் பாலத்திலும் பொருத்தப்பட்டன. 2015 செப்டம்பர் 14இல் ஈர்ப்பலைகளை முதன்முதலில் கண்டறிந்த லைகோ ஆய்வகத்தில் 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள் நான்கடுக்கு ஊசலில் தொங்குகின்றன. அவற்றின் அடித்தளம் தரை நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்திசையில் நகர்கிறது. லாம்டனின் பெட்டியும் ஊசலாகத்தான் தொங்கியது. லைகோவின் ஊசல் எந்நேரமும் கண்காணிக்கப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுவதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா ஆய்வகம் அமைக்க 2023இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

கடலடிக் கருவிகள்

கடல்மட்ட அளவீட்டிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதற்கான சுனாமி மிதவைகளைக் கடலில் நிறுத்தும் பணியில் பங்கேற்றது. மிதவைக்குக் கீழே கடலடியில் ஓர் அழுத்தமானி இருக்கும். மேலேயுள்ள நீரின் எடையிலிருந்து கடல்மட்டத்தை அது கணக்கிடுகிறது.

இங்கே தணிப்புக் கிணற்றின் இடத்தை ஆழ்கடலே ஏற்கிறது. ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். அதன் அசைவு 50 மீட்டர் ஆழத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். சுனாமியின் நீளமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும் என்பதால் அதன் அழுத்தம் கடலடிவரை செல்கிறது.

இக்கருவி தன் பணிமுறையையும் மாற்றிக்கொள்கிறது. அமைதியான நேரத்தில் இடைவெளி விட்டே தகவல் அனுப்பி மின்கலத்தைச் சேமிக்கும். அளந்த மட்டம், எதிர்பார்த்த ஓத மட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் விலகினால் உடனே விரைவுப் பதிவுக்கு மாறி நொடிக்கணக்கிலான அளவுகளை அனுப்பும். நிலநடுக்கத்தின் குலுக்கமே சில நேரம் இம்மாற்றத்தைத் தூண்டிவிடும். எனவே இறுதி முடிவைப் பல கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு மையத்திலுள்ளவர்களே எடுக்கிறார்கள்.

முக்கியத்துவம்

தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் காப்பு அமைப்புகள் நிலையானவையாக இருந்தன. அறுந்த கயிற்றுக்கு மாற்று இல்லை. வெட்டிய துளைக்கு அளவு மாற்றும் வழி இல்லை. அவற்றின் குறைகளை லாம்டனின் ஆறு வார உழைப்பும் பெயரறியாச் சுமைகாரர்களின் கால்களும் ஈடுசெய்தன. இன்றைய தகவமையும் தாங்கிகள் அந்தக் கவனத்தை உணரியிடமும் கட்டுப்பாட்டுச் சுற்றிடமும் ஒப்படைத்துள்ளன.

கருவியைக் காப்பது அதன் உலோகத்தைக் காப்பதோடு முடிவதில்லை. கருவி எந்தச் செய்தியைக் கேட்பதற்காக வைக்கப்பட்டதோ அச்செய்தி இரைச்சலில் கரையாமலும் தடுப்பில் நின்றுவிடாமலும் வந்துசேர வேண்டும். அதைப் படிப்பவரும் உரிய நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். நாகப்பட்டினத்தின் 1881ஆம் ஆண்டுப் பதிவும் 2004ஆம் ஆண்டு இழப்பும் இதையே உணர்த்துகின்றன.